‘சிம்பிள்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சிம்ப்ளிஸ்டிக்’: ஒரே பொருள் தருவதுபோல் தோன்றும் ஆங்கிலப் பெயரடைகளை எப்படிப் பிரித்தறிவது?

பொருள்தேடி கேட்டது:

வணக்கம். வெளிநாட்டுக் குழுவினரோடு நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. எங்கள் குழுவில் உள்ள பிரித்தானியர் ஒருவர், சிக்கலான ஒரு கணக்கீட்டு முறையைப் படமும் அட்டவணையுமாக மூன்றே பக்கங்களில், யாருக்கும் புரியும்படி விளக்கிச் சென்ற வாரம் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். படித்து முடித்ததும் மனமாரப் பாராட்டத் தோன்றியது. ‘சிம்பிள்’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் இருக்குமே என்று எண்ணி, சற்றுக் கனமாகத் தெரிந்த ‘சிம்ப்ளிஸ்டிக்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, உங்கள் விளக்கம் மிகவும் சிம்ப்ளிஸ்டிக்காக இருக்கிறது, மொத்தத்தில் அறிக்கை ‘க்வைட் குட்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, எந்தப் பகுதி போதவில்லை என்று குறிப்பிட்டால் திருத்தித் தருகிறேன் என்பதே அது. வழக்கமாக நலம் விசாரித்துத் தொடங்குபவர், இம்முறை பெயரைக்கூட எழுதவில்லை. ஏதோ தவறிவிட்டது என்று புரிந்து, கைக்கு எட்டிய ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினேன். ‘சிம்பிள்’ என்பதற்கு ‘எளிமையான’ என்றும், ‘சிம்ப்ளிஸ்டிக்’ என்பதற்கு ‘மிகவும் எளிமைப்படுத்திய’ என்றும் போட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இரண்டாவது சொல்தானே பெரிய பாராட்டு?

இந்த ஒரு சொல்லோடு என் குழப்பம் நிற்கவில்லை. ‘டால்’ என்றாலும் ‘ஹை’ என்றாலும் அகராதி ‘உயரமான’ என்கிறது. ‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ மூன்றுக்கும் ‘பெரிய’. ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விளக்கம். இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா? பிரித்தறியப் பொதுவான முறை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்.

மைக்கூடு எழுதியது:

உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. எளிமைப்படுத்தக் கூடாத அளவுக்கு எளிமைப்படுத்தி, சிக்கலை அவிழ்க்காமல் அப்படி ஒன்று இல்லாததுபோலவே தாண்டிப் போனதைத்தான் ஆங்கிலத்தில் ‘சிம்ப்ளிஸ்டிக்’ என்பார்கள். அந்தக் குற்றச்சாட்டு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழில் அதற்கு நெருக்கமாக நான் வைக்கக்கூடிய சொல் ‘மேம்போக்கான’ என்பதுதான். மூன்று பக்கங்களுக்குள் ஒன்றை அடக்க அவர் எத்தனை நாள் உழைத்தாரோ, அவரிடம் போய் ‘உங்கள் அறிக்கை மேம்போக்காக இருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் இவ்வளவு பணிவாகப் பதில் எழுதியதே பெரிய விஷயம்.

ஒரு பொருளைச் சுட்டுவதோடு, அந்தப் பொருளைப் பற்றிச் சொல்பவர் என்ன நினைக்கிறார் என்பதையும் பெயரடைகள் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. உடல் மெலிந்த ஒருவரை ‘ஸ்லிம்’ என்றால் அவருக்கு மகிழ்ச்சி. ‘தின்’ என்றால் உடம்புக்கு ஏதாவதா என்ற ஐயம் எழும். ‘ஸ்கின்னி’ என்றால் எலும்பு தெரிகிறது என்று பொருள். எடை பார்க்கும் கருவி மூவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இது நமக்குப் புதிதல்லவே. ஒடிசலான உடல்வாகு என்று நாம் சொல்பவரும் நோஞ்சான் என்று சொல்பவரும் ஒருவராகவே இருக்கலாம், நமக்கு அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பொறுத்து.

தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948ஆம் ஆண்டு பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில், தன்மை முன்னிலை படர்க்கை என்று வினைச்சொல்லை வாய்பாடாக ஒப்பிப்பதுபோல், இந்த வேடிக்கையை ஒரே வரியில் அடக்கினார். நான் ‘ஃபெர்ம்’, நீ ‘ஆப்ஸ்டினேட்’, அவனோ பன்றித்தலை முட்டாள் என்பது அதன் சாரம். மூவரும் செய்வது ஒன்றுதான், பிடித்த பிடியை விடாமல் இருப்பது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்கு இருப்பது உறுதி, உனக்கு இருப்பது பிடிவாதம், அவனுக்கு இருப்பது வீம்பு. ஆங்கிலப் பெயரடை ஒன்று புதிதாகக் கண்ணில் பட்டால், அது இந்த மூன்று இருக்கைகளில் எதில் உட்காரும் என்று முதலில் கேட்டுக்கொள்வது என் பழக்கம். உங்கள் ‘சிம்ப்ளிஸ்டிக்’ மூன்றாவது இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

‘சைல்டிஷ்’, ‘சைல்ட்லைக்’ என்ற இணையும் இப்படிப்பட்டதே. முதலாவது சிறுபிள்ளைத்தனம், இரண்டாவது குழந்தையுள்ளம். ‘சீப்’ என்பதற்கு நம் ‘மலிவான’ பொருத்தமாக அமைந்துவிடுகிறது. விலை குறைவு, தரம் குறைவு என்ற இரண்டு நிழலும் இரு மொழிகளிலும் ஒன்றுபோல் விழுவதால், பரிசுப்பொருளைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றிலும் அபாயமானது ‘இன்ஃபேமஸ்’. கெட்ட பெயரால் ஊரறிந்த என்பதே அதன் பொருள். முன்னால் இருக்கும் ‘இன்’ என்பதை எதிர்மறை என்று எடுத்துக்கொண்டு, ‘அதிகம் அறியப்படாத’ என்று ஒருவர் மொழிபெயர்த்து வந்ததை நான் மெய்ப்பு பார்க்கும்போது கண்டுபிடித்தேன். ஊரறிந்த கொடுங்கோலன் ஒருவனைப் பற்றிய வாக்கியம் அது.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் படிந்த கறையைத் தவிர்க்கப் புதுச்சொல் படைத்தவர்களும் உண்டு. ‘சென்ஷுவல்’ என்ற சொல்லில் உடலின்ப வாடை ஏறிவிட்டதால், ஐம்புலன்களைச் சார்ந்தது என்று மட்டும் பொருள்படும்படி ‘சென்ஷுவஸ்’ என்ற சொல்லைக் கவிஞர் ஜான் மில்டன் 1641ஆம் ஆண்டில் ஆக்கினார். இன்று இந்த இரண்டையும் வேறுபடுத்தாமல் எழுதுபவர்களே மிகுதி. மில்டன் ஓடிய ஓட்டம் அவ்வளவு தூரத்துக்குத்தான் பயன்பட்டது.

தமிழாக்கி எழுதியது:

மைக்கூடு ஐயா சொன்னது ‘சிம்ப்ளிஸ்டிக்’ போன்ற சொற்களுக்கு முற்றிலும் சரி. ஆனால் கேள்வி கேட்ட நண்பர் அடுத்து வைத்த ‘டால்’, ‘ஹை’ என்ற இணைக்கு அந்த மூன்று இருக்கைகளும் உதவாது. உயரத்தில் என்ன விருப்பு, என்ன வெறுப்பு? இங்கே வேறுபாடு சொல்பவரின் மனத்தில் இல்லை. பக்கத்தில் வந்து உட்காரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது.

அகலத்தைவிட உயரம் மிகுந்து, தரையிலிருந்து மேலெழுந்து நிற்கும் ஒல்லியான பொருள்களுக்கு ‘டால்’ வரும்: மனிதர், மரம், கோபுரம், புகைபோக்கி. அகன்று கிடக்கும் மலைக்கும் மதிலுக்கும் ‘ஹை’. தரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்லவும் ‘ஹை’தான் வேண்டும், ஆகவே கூரைக்கும் மேகத்துக்கும் ‘டால்’ ஒருபோதும் வராது. இதை விளங்கவைக்க நான் மாணவர்களுக்குச் சொல்வது: ஏணியின் உச்சியில் நிற்கும் குட்டையான மனிதர் ‘ஹை’யாக இருக்கலாம், ஆனால் ‘டால்’ ஆகிவிட மாட்டார். (கவனிக்க: மனிதருக்கு ‘ஹை’ போட்டால் போதையில் இருக்கிறார் என்ற பொருளும் வந்துவிடும். ஏணி கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள்.)

லண்டன் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்த ஜே. ஆர். ஃபிர்த், ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957ஆம் ஆண்டில் எழுதினார். அவரிடம் பயின்ற மைக்கேல் ஹாலிடே 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதற்குத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். ‘ஸ்ட்ராங்’, ‘பவர்ஃபுல்’ இரண்டும் வலிமையைக் குறிக்கும் சொற்கள். வாதத்துக்கு இரண்டையும் போடலாம். ஆனால் தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’ மட்டுமே, காருக்கு ‘பவர்ஃபுல்’ மட்டுமே. மாற்றிப் போட்டால் இலக்கணப் பிழை என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது, பொருளும் விளங்கும், ஆனால் கேட்பவர் ஒரு நொடி நின்று பார்ப்பார்.

அந்த ஒரு நொடி எப்படி இருக்கும் என்று தமிழில் உணர்ந்து பாருங்கள். கனம், பளு, பாரம், எடை என்று நான்கு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. மழைக்கு முன்னால் ‘கன’ மட்டும்தான் வரும். ‘பளுமழை பெய்தது’ என்று யாராவது எழுதினால், அவர் தமிழை எங்கே கற்றார் என்று கேட்கத் தோன்றும். இருட்டு ‘கும்’மென்று இருக்கும், குளிர் ‘கடு’மையாக இருக்கும், கும்குளிர் என்று ஒன்று கிடையாது. ஏன் என்று கேட்டால் நம்மில் யாருக்கும் விடை தெரியாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரிடம் ‘டால்’ ஏன், ‘ஹை’ ஏன் என்று கேட்டாலும் அதே முழிதான் முழிப்பார்.

‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’ என்பதற்கு வருகிறேன். பருப்பொருளின் அளவைச் சொல்லும்போது ‘பிக்’கும் ‘லார்ஜ்’ஜும் பெரும்பாலும் இடம் மாற்றிக்கொள்ளும், ‘லார்ஜ்’ சற்று நாகரிகமாக ஒலிக்கும், அவ்வளவே. எண்ணிக்கை, அளவு, பரப்பு போன்ற சொற்களோடு ‘லார்ஜ்’ இயல்பாகச் சேரும். பிழை, முடிவு, ஏமாற்றம் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றோடு ‘பிக்’ சேரும். ‘லார்ஜ்’ பிழை என்று எவரும் செய்வதில்லை. ‘கிரேட்’ அளவைக் கைவிட்டுப் பெருமைக்குப் போய்விட்டது. உறவுமுறையில்தான் உண்மையான கண்ணிவெடி இருக்கிறது. ‘பிக் பிரதர்’ என்றால் அண்ணன். ‘லார்ஜ் பிரதர்’ என்றால் உடல் பருத்த சகோதரன். ‘பெரிய அண்ணன்’ என்பதற்கும் ‘பெருத்த அண்ணன்’ என்பதற்கும் உள்ள தூரம்தான் அது. அண்ணன் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

‘ஸ்மால்’, ‘லிட்டில்’ பற்றியும் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். ‘ஸ்மால்’ அளவு மட்டும் சொல்லும். ‘லிட்டில்’ சொல்பவரின் பரிவையோ ஏளனத்தையோ சுமந்து வரும், நம் ‘குட்டி’யைப்போல. ‘சிறிய வீடு’ என்பது விவரம், ‘குட்டி வீடு’ என்பது உறவு. அதனால்தான் அளவுகளை ஒப்பிடும் இடங்களில், அறிக்கைகளில், அட்டவணைகளில் ‘லிட்டில்’ பெரும்பாலும் வருவதில்லை.

ஆக, பெயரடையைத் தனியாகக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அது எந்தப் பெயர்ச்சொல்லோடு வந்ததோ அதையும் இழுத்து வந்து, இரண்டையும் ஒன்றாக எழுதிவையுங்கள்.

வெண்கலமணி எழுதியது:

ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பல இணைகள் தாமாகவே பிரிந்து நிற்கும். 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. கல்வியிலும் சமயத்திலும் ஏற்கெனவே லத்தீன் இருந்தது. வீட்டுக்குள் பழைய ஆங்கிலமே நீடித்தது. ‘அரசனுக்குரிய’ என்ற ஒரு பொருளுக்கு ‘கிங்லி’, ‘ராயல்’, ‘ரீகல்’ என்று மூன்று சொற்கள் நிற்பதற்குக் காரணம் அதுதான். முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது, மூன்றாவது லத்தீன் சாயல் மாறாதது. அரச குடும்பம் ‘ராயல்’ மட்டுமே, ஏனென்றால் அது பதவியையும் உடைமையையும் குறிக்கிறது. நடையிலும் தோரணையிலும் மிடுக்கு இருந்தால் ‘ரீகல்’, அரியணை ஏறாதவருக்கும் அது பொருந்தும். ‘கிங்லி’ இன்று கதைகளுக்கு வெளியே அரிது.

தமிழில் வடசொல்லும் தென்சொல்லும் இதே வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். ராஜதந்திரம் உண்டு, மன்னதந்திரம் இல்லை.

‘ஃபாதர்லி’, ‘பேட்டர்னல்’ என்ற இணையும் இவ்வாறே பிரியும். பழைய ஆங்கிலச் சொல்லில் வீட்டின் சூடு இருக்கும், லத்தீன் வழிச் சொல்லில் ஆவணத்தின் குளிர்ச்சி இருக்கும். தந்தை தோளில் கை வைத்துச் சொல்லும் அறிவுரை ‘ஃபாதர்லி’, தந்தைவழிப் பாட்டி ‘பேட்டர்னல்’. எல்லா இணைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தடுமாறும்போது முதலில் இதைச் சோதித்துப் பார்ப்பதில் இழப்பில்லை.

பொருள்தேடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘மேம்போக்கான’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கே உடம்பு கூசிவிட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றிருக்கிறேன்.

எழுதுவதற்கு முன், அந்த மின்னஞ்சலில் வேறு என்னென்ன செய்து வைத்திருக்கிறேன் என்று திரும்பப் படித்தேன். அவருடைய முறை குறைந்த நேரத்தில் முடிகிறது என்பதைப் பாராட்ட ‘எக்கனாமிக்’ என்று எழுதியிருக்கிறேன். கூடவே, ‘கன்சர்ன்ட் மேனேஜர்’ இதைப் பார்ப்பார் என்றும் ஒரு வரி. சம்பந்தப்பட்ட மேலாளர் என்பதைத்தான் அப்படி எழுதினேன். இவையாவது சரியா?

பழைய மாணவன் எழுதியது:

வருத்தத்துடன் சொல்கிறேன், இரண்டும் தவறு.

‘எக்கனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்த, ‘எக்கனாமிகல்’ என்றால் சிக்கனமான. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. இந்த இணையில் தமிழ் அகராதிகளே தெளிவாகப் பிரித்துவிடுவதால் குழப்பம் கூடாது. குழப்பம் எப்போது வருகிறது என்றால், இதிலிருந்து ஒரு விதியை உருவாக்கி அடுத்த இணைக்குக் கொண்டுபோகும்போது. ‘இக்’ என்று முடிவது துறையைக் குறிக்கும், ‘இகல்’ என்று முடிவது பண்பைக் குறிக்கும் என்று நானும் ஒரு காலத்தில் குறித்து வைத்திருந்தேன். பிறகு ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’ வந்து அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. அங்கே ‘ஹிஸ்டாரிகல்’தான் வரலாற்றுத் துறை சார்ந்தது, ‘ஹிஸ்டாரிக்’ என்பதுதான் வரலாற்றில் நிலைக்கத்தக்க பெருமை என்ற பண்பு. காப்பகத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய வரவுசெலவுக் கணக்கு எதுவானாலும் ‘ஹிஸ்டாரிகல்’ ஆவணம். போரை முடித்துவைத்த உடன்படிக்கைதான் ‘ஹிஸ்டாரிக்’.

‘எலெக்ட்ரிக்’, ‘எலெக்ட்ரிகல்’ இணையில் கோடு இன்னொரு இடத்தில் விழுகிறது. மின்சாரத்தால் இயங்கும் குறிப்பிட்ட பொருளுக்கு முன்னது, மின்மோட்டாரைப்போல; மின்சாரம் தொடர்பான பொதுவான எதற்கும் பின்னது, மின்பொறியாளரைப்போல. ‘காமிக்’ என்றால் சிரிக்கவைக்க வேண்டும் என்றே செய்தது, ‘காமிகல்’ என்றால் செய்தவர் அறியாமல் நமக்குச் சிரிப்பு வருவது. மேடையில் நகைச்சுவை நடிகர் வழுக்கி விழுந்தால் முதலாவது, தலைமை தாங்க வந்தவர் வழுக்கி விழுந்தால் இரண்டாவது. விதி இருக்கும் என்று தேடுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம். இந்த வகையில் குழப்பம் தரும் இணைகள் பத்துப் பன்னிரண்டுக்குள்தான் இருக்கும், அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடலாம். மைக்கூடு ஐயா இதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும்.

‘கன்சர்ன்ட்’ பற்றி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் அது கவலைகொண்ட என்று பொருள்படும், பின்னால் நின்றால்தான் சம்பந்தப்பட்ட என்ற பொருள். மேலாளர் கவலையோடு அறிக்கையைப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ‘மேம்போக்கு’, அடுத்து கவலைப்படும் மேலாளர். அந்த மனிதர் அன்றிரவு உறங்கினாரா என்று தெரியவில்லை.

நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்றால், தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். இடம் மாறினால் பொருள் மாறும் என்ற சிந்தனையே நமக்கு எழுவதில்லை. ஆங்கிலத்தில் சில சொற்களுக்கு இடம்தான் எல்லாம். ‘பிரசன்ட்’ முன்னால் வந்தால் இப்போதைய உறுப்பினர்கள், பின்னால் வந்தால் வந்திருக்கும் உறுப்பினர்கள். ‘லேட்’ என்ற சொல் மாமாவுக்கு முன்னால் வந்தால் அவர் காலமாகிவிட்டார், வாக்கியத்தின் இறுதியில் வந்தால் இன்னும் வந்து சேரவில்லை. இதை மாற்றி எழுதி, உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் வரச் செய்தவர்களை நான் அறிவேன்.

தமிழாக்கி எழுதியது:

இடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். ‘அஸ்லீப்’, ‘அலைவ்’, ‘அலோன்’ போன்ற சொற்கள் பெயருக்கு முன்னால் வரவே வராது. ‘ஸ்லீப்பிங்’, ‘லிவிங்’, ‘லோன்லி’ போன்றவை வரும். பலரும் இதைக் காரணமற்ற விதிவிலக்காக மனப்பாடம் செய்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். ‘அஸ்லீப்’ என்பதன் தொடக்கத்தில் உள்ள ‘அ’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்ற முன்னிடைச் சொல்லாக இருந்து தேய்ந்தது. ஆகவே அதன் சரியான தமிழ் ‘உறங்கும்’ என்பதல்ல, ‘உறக்கத்தில்’. ‘உறக்கத்தில் குழந்தை’ என்று நாமும் அடைமொழியாகச் சொல்ல மாட்டோம். ‘குழந்தை உறக்கத்தில் இருக்கிறது’ என்போம், அல்லது ‘உறங்கும் குழந்தை’ என்போம். ‘அலைவ்’ என்பதும் அவ்வாறே ‘உயிரோடு’ என்ற அமைப்பு. ‘அலோன்’ மட்டும் வேறு வழியில் வந்தது. ‘ஆல்’, ‘ஒன்’ என்ற இரு சொற்கள் ஒட்டியது அது.

‘அலோன்’, ‘லோன்லி’ இரண்டுக்கும் நாம் ‘தனி’ என்ற வேரிலிருந்தே சொல் எடுப்பதால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முன்னது கணக்கு, அறையில் ஒருவர்தான் இருக்கிறார் என்பது. பின்னது ஏக்கம், நூறு பேர் இருக்கும் கூடத்திலும் அது வரும்.

மைக்கூடு எழுதியது:

பழைய மாணவன் ஊகித்தது சரி, பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. காரணம், பட்டியல் போட்டுக் காக்கப்படும் வேறுபாடுகள் சில, மொழியைப் பேசுபவர்களிடமே உறுதியாக இல்லை. ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்றால் தன்னலமற்ற, நடுநிலையான. ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்றால் ஆர்வமற்ற என்று எல்லாக் கையேடுகளும் அடித்துச் சொல்கின்றன. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ ஆர்வமற்ற என்ற பொருளிலும், ‘அன்இன்ட்ரஸ்டெட்’ நடுநிலையான என்ற பொருளிலும் வழங்கியதற்குச் சான்று உண்டு. இரண்டும் பின்னால் இடம் மாற்றிக்கொண்டன. இப்போது மறுபடியும் கலக்கத் தொடங்கியிருக்கின்றன.

பழைய மாணவன் எழுதியது:

வரலாறு அப்படியே இருக்கட்டும் ஐயா. நீதிபதி ஒருவரை ‘டிஸ்இன்ட்ரஸ்டெட்’ என்று எழுதினால் பாராட்டு, ‘அன்இன்ட்ரஸ்டெட்’ என்று எழுதினால் அவர் வழக்கின்போது கொட்டாவி விட்டார் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டைச் சுட்டிக்காட்டி அந்த நீதிபதியைச் சமாதானப்படுத்த முடியாது. படிப்பவர் இன்று எதை எடுத்துக்கொள்கிறாரோ அதுதான் எழுதுபவருக்குக் கணக்கு.

இந்த இரண்டில் உங்களுக்கு ஐயம் இருந்தால், நண்பரே, ‘இம்பார்ஷியல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுங்கள். அதில் யாருக்கும் ஐயம் இல்லை.

மைக்கூடு எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன்.

பொருள்தேடி எழுதியது:

நேற்றிரவு அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ‘சிம்பிள்’, ‘கிளியர்’ என்று எழுத நினைத்த இடத்தில் பொருள் தெரியாமல் வேறு சொல்லைப் போட்டுவிட்டேன் என்றும், ‘எக்கனாமிகல்’ என்று இருந்திருக்க வேண்டும் என்றும், மேலாளர் கவலைப்படவில்லை என்றும் விளக்கினேன். இன்று காலை பதில் வந்தது. இம்முறை பெயர் சொல்லித் தொடங்கியிருந்தார், சிரித்ததாகவும் எழுதியிருந்தார். ஆனால் கடைசி வரியில், ‘அப்படியானால் அந்த க்வைட் குட் மட்டும் உண்மையா?’ என்று கேட்டிருக்கிறார். இதில் என்ன இருக்கிறது? ‘க்வைட்’ என்றால் ‘மிகவும்’ என்றுதான் என் அகராதியில் இருக்கிறது. மிகவும் நன்று என்றுதானே பாராட்டினேன்?

வெண்கலமணி எழுதியது:

அவர் பிரித்தானியர் என்று முதலிலேயே சொல்லியிருந்தீர்கள், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்கர் ஒருவருக்கு எழுதியிருந்தால் நீங்கள் நினைத்த பொருளிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். பிரித்தானிய வழக்கில் ‘குட்’ போன்ற, கூட்டிக் குறைத்துச் சொல்லக்கூடிய பெயரடைக்கு முன்னால் ‘க்வைட்’ வந்தால் அது பெரும்பாலும் அளவைக் குறைத்துவிடும். ‘ஏதோ பரவாயில்லை’ என்ற தொனியில் விழும். அதே சொல் ‘பெர்ஃபெக்ட்’, ‘இம்பாசிபிள்’ போன்ற, கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத பெயரடைக்கு முன்னால் வந்தால் முற்றிலும் என்று பொருள்படும். இதே கடலைத் தாண்டும்போது பொருள் மாறும் இன்னொரு சொல் ‘ஹோம்லி’. பிரிட்டனில் ஒரு வீட்டை அப்படிச் சொன்னால் இதமானது என்று பொருள், அமெரிக்காவில் ஒருவரை அப்படிச் சொன்னால் அழகற்றவர் என்று பொருள்.

அவர் கேள்விக்கு ‘எக்சலன்ட்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதுங்கள். அதற்கு முன்னால் எதையும் சேர்க்காதீர்கள்.